எத்தனை யூனிட் நமக்குப் போதும்?

விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையில் சூளை வைத்திருப்போர் அனைவரும் அறிந்த உண்மை ஒன்று உண்டு. பொம்மையும் அகல் விளக்கும் கோப்பையும் வெந்து பீங்கானாக வேண்டுமெனில், சூளையின் வெப்பம் 1,000 பாகை செல்சியசைத் தாண்ட வேண்டும். அந்த வெப்பத்திற்கு எரிபொருள் செலவாகும்போது, உள்ளே அடுக்கிய சரக்கு மட்டும் சூடேறுவதில்லை. சூளையின் சுவரும் தளமும் கூரையும் சேர்ந்தே சூடேறுகின்றன. பெரிய சூளையைக் கட்டிவிட்டுப் பாதிச் சரக்கை அடுக்கி எரிப்பவர், வெறும் சுவரைச் சூடாக்கவே பணத்தைக் கரைக்கிறார். ஆகவேதான் அனுபவமுள்ள முதலாளி, சூளை கட்டுமுன் தன் கையிலுள்ள ஆர்டரைக் கணக்கிடுகிறார். ஆண்டுக்கு ஒருமுறை கார்த்திகை மாதத்தில் வரும் பெரும் ஆர்டரை எண்ணி அவர் சூளை கட்டுவதில்லை.

அன்பு வாசகர்களே! மின்சாரக் கார் பற்றி எழுத வந்தவன் சூளையைப் பற்றி ஏன் பேசுகிறான் என்று நீங்கள் எண்ணலாம். காரணம் இருக்கிறது. என் தமக்கையின் கணவர் நாற்பது ஆண்டுகளாகப் பீங்கான் தொழிலில் இருப்பவர். சூளை விஷயத்தில் ஒரு விறகைக்கூட வீணாக்காத அவர், குடும்பத்திற்கு மின்சாரக் கார் வாங்கப் புறப்பட்டபோது, விற்பனைக் கூடத்தில் இருந்தவற்றுள் மிகப் பெரிய பேட்டரியைக் கொண்ட காருக்கு முன்பணம் கட்ட இருந்தார். அதற்குக் கையிருப்புப் போதாது. ஏறத்தாழ இரண்டு இலட்சம் ரூபாய் வட்டிக்கடன் வாங்க வேண்டும். ஆயுள் முழுவதும் வட்டியைத் தவிர்த்து வாழ்ந்த மனிதர், அறுபது வயதில் அந்த வாசலில் போய் நின்றார்!

“மச்சான், இத்தனை பெரிய பேட்டரி நமக்கு எதற்கு?” என்று கேட்டேன்.

“வழியில் நின்றுவிட்டால் என்ன செய்வது? உம்மாவை வைத்துக்கொண்டு நடுரோட்டில் நிற்க முடியுமா?” என்றார்.

அச்சம் நியாயமானது. அவருடைய தாயாருக்கு இருதய நோய். மாதந்தோறும் புதுச்சேரியில் உள்ள மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். ஆனால், அச்சத்திற்கு விலை கொடுக்குமுன் அதை அளந்து பார்க்க வேண்டாமா? அன்று இஷாவுக்குப் பிறகு காகிதமும் பேனாவும் எடுத்துக்கொண்டு அமர்ந்தோம். நான் கல்லூரியில் வரலாறு பயின்றவன், பொறியியல் அறியேன். எனினும், மதரஸாவில் மாணவர்களுக்குப் பாகப்பிரிவினைக் கணக்குச் சொல்லிக் கொடுப்பவனுக்கு, எட்டில் ஒன்று, ஆறில் ஒன்று என்று பங்கு பிரிப்பது பழகிய வேலைதானே! அன்றிரவு நாங்கள் போட்ட கணக்கையே இங்கு உங்கள் முன் வைக்கிறேன்.

பேட்டரியின் அளவு என்றால் என்ன?

விளம்பரங்களில் ‘கிலோவாட் மணி’ என்று வரும் சொல்லைக் கண்டு மலைக்க வேண்டாம். அது நம் வீட்டு மின்சார அட்டையில் இருக்கும் அதே ‘யூனிட்’தான். 35 கிலோவாட் மணி பேட்டரி என்றால், 35 யூனிட் மின்சாரத்தைத் தாங்கும் பாத்திரம் என்று பொருள்.

இந்தப் பாத்திரம் ஆண்டுக்காண்டு பெருத்து வந்திருக்கிறது. 2001இல் பெங்களூரிலிருந்து வெளிவந்த ‘ரேவா’ என்னும் சிறு மின்சாரக் காரில் பழைய ஈய அமில பேட்டரிதான் இருந்தது. ஒருமுறை சார்ஜ் ஏற்றினால் ஏறத்தாழ 80 கிலோமீட்டர் ஓடும் என்றார்கள். 2010இல் வெளிவந்த ஜப்பானின் ‘நிசான் லீஃப்’ 24 யூனிட் லித்தியம் பேட்டரியுடன் வந்தது. நம் நாட்டில் 2022இல் அறிமுகமான ‘டியாகோ’ மின்சாரக் கார் 19.2, 24 என இரு அளவுகளிலும், 2024 ஜனவரியில் அறிமுகமான ‘பஞ்ச்’ 25, 35 என இரு அளவுகளிலும் வந்தன. 2025 ஜனவரியில், சென்னையை அடுத்த தொழிற்சாலையில் உற்பத்தியாகும் ‘கிரெட்டா’ மின்சாரக் கார் 42, 51.4 என இரு அளவுகளில் வந்தது. ஒரே காரைச் சிறிய பேட்டரியுடனும் பெரிய பேட்டரியுடனும் விற்பது வழக்கமாகிவிட்டது. எனவே, ‘எந்தக் கார்?’ என்ற கேள்வியோடு ‘எத்தனை யூனிட்?’ என்ற கேள்வியும் நம் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டது.

விலையில் இதன் பங்கு சிறிதன்று. 2024இல் பஞ்ச் கார் அறிமுகமானபோது 25 யூனிட் வகையின் தொடக்க விலை 10.99 இலட்சம், 35 யூனிட் வகையின் தொடக்க விலை 12.99 இலட்சம். பத்து யூனிட்டுக்கு இரண்டு இலட்சம் வித்தியாசம்!

விளம்பரத் தூரமும் சாலைத் தூரமும்

பத்திரிகை விளம்பரத்தில் காணும் தூரம், சோதனைக் கூடத்தில் ஒரு குறிப்பிட்ட முறைப்படி ஓட்டிப் பெற்ற அளவாகும். ஏ.சி. போட்டு, ஐவர் அமர்ந்து, டிக்கியில் பெட்டி படுக்கையுடன், தேசிய நெடுஞ்சாலையில் 90 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் குடும்பத்திற்கு அந்தத் தூரம் கிட்டாது. 2024இல் வந்த 45 யூனிட் ‘நெக்சான்’ காருக்குச் சோதனைத் தூரம் 489 கிலோமீட்டர். ஆனால், வாடிக்கையாளர்களின் அன்றாட ஓட்டத்தில் எதிர்பார்க்கத் தக்கது 350 கிலோமீட்டரை ஒட்டிய தூரமே என்று அதன் தயாரிப்பாளரான டாட்டா நிறுவனமே அறிவித்தது. ஆகவே விளம்பரத் தூரத்தில் முப்பது விழுக்காட்டைக் கழித்துவிட்டே கணக்கைத் தொடங்குங்கள்.

இன்னும் எளிய வழி, யூனிட்டுக்கு எத்தனை கிலோமீட்டர் என்று பார்ப்பது. குடும்பக் கார் ஒன்று ஊருக்குள் ஒரு யூனிட்டில் 7 முதல் 8 கிலோமீட்டர் ஓடும். நெடுஞ்சாலையில் ஏ.சி.யுடன் 6 அல்லது 6.5 என்று வைத்துக்கொள்வது பாதுகாப்பானது. பெட்ரோல் காருக்கு நெடுஞ்சாலை இலாபம்; மின்சாரக் காருக்கோ ஊருக்குள் ஓடுவதே இலாபம். பிரேக் பிடிக்கும்போது மோட்டாரே மின்சாரம் உண்டாக்கி ஒரு பகுதியை பேட்டரிக்குத் திருப்பித் தருவதும், வேகம் கூடக்கூடக் காற்றின் எதிர்ப்பு மிகுவதும் இதற்குக் காரணங்கள்.

எங்கள் கணக்கு

மச்சானின் ஓட்டத்தை நான்கு வகையாகப் பிரித்தோம்.

முதலாவது, அன்றாட ஓட்டம். வீடு, தொழிற்பேட்டை, பிள்ளைகளின் பள்ளி, கடைவீதி எல்லாம் சேர்த்து நாளொன்றுக்கு 30 கிலோமீட்டர். இதற்கு 5 யூனிட்கூட ஆகாது.

இரண்டாவது, மாதம் ஒன்றிரண்டு முறை லால்பேட்டையில் உள்ள சம்பந்தி வீட்டுக்குப் போய் வருவது. போக வர ஏறத்தாழ 100 கிலோமீட்டர், 16 யூனிட்.

மூன்றாவது, தாயாரின் புதுச்சேரிப் பயணம். நெய்வேலி, வடலூர், கடலூர் வழியாகப் போக வர ஏறத்தாழ 170 கிலோமீட்டர். யூனிட்டுக்கு 6.5 கிலோமீட்டர் என்றால் 26 யூனிட்.

நான்காவது, ஆண்டுக்கு இரண்டு முறை சென்னைப் பயணம். உளுந்தூர்பேட்டை வழியாக ஒருவழித் தூரமே 220 கிலோமீட்டரை ஒட்டி வரும்.

இப்போது பேட்டரியின் பக்கம் வருவோம். எந்த பேட்டரியையும் அடிவரை வற்றவிட்டு ஓட்டக் கூடாது. ஐந்தில் ஒரு பங்கைக் கையிருப்பாக ஒதுக்கிவிட வேண்டும். மழை, மாற்றுப் பாதை, பழுதான சார்ஜ் நிலையம் ஆகிய எதிர்பாராத நிலைகளுக்கெல்லாம் அந்தக் கையிருப்பே துணை.

25 யூனிட் பேட்டரியில் கையிருப்புப் போக 20 யூனிட், 130 கிலோமீட்டர். முதல் மாதமே புதுச்சேரியிலிருந்து சார்ஜ் ஏற்றாமல் திரும்ப இயலாது.

35 யூனிட் பேட்டரியில் 28 யூனிட், 182 கிலோமீட்டர். புதுச்சேரி போய்த் திரும்பலாம்.

45 யூனிட் பேட்டரியில் 36 யூனிட், 234 கிலோமீட்டர். புதுச்சேரிக்குத் தாராளம். சென்னைக்கு ஒருவழி எட்டும். ஆனால் திரும்புவதற்கு முன் அங்கு சார்ஜ் ஏற்றியே ஆக வேண்டும்.

இவ்வளவோடு கணக்கை முடித்துவிடலாகாது. பேட்டரிக்கும் முதுமை உண்டு. பெரும்பாலான நிறுவனங்கள் 8 ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர் என்று உத்தரவாதம் தருகின்றன. அந்த எட்டாண்டின் முடிவில் கொள்ளளவில் ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருக்கும் என்று முன்கூட்டியே கணித்துக்கொள்வது நல்லது. அப்போது 35 யூனிட் பேட்டரி தரும் தூரம், கையிருப்புப் போக, 145 கிலோமீட்டராகச் சுருங்கிவிடும். புதுச்சேரிப் பயணத்திற்கு 25 கிலோமீட்டர் குறைகிறது. 45 யூனிட் பேட்டரியோ அப்போதும் 187 கிலோமீட்டர் தரும்.

“பார்த்தீர்களா மாமா! பெரியதே வாங்குவோம்” என்றான் மருமகன் உற்சாகத்துடன். கணக்கின்படி அவன் சொன்னது தவறன்று. ஆனால் அந்த 25 கிலோமீட்டர்க் குறையை நிரப்ப எவ்வளவு மின்சாரம் தேவை? நான்கு யூனிட்! விரைவு சார்ஜ் நிலையத்தில் கால் மணி நேர வேலை. மருத்துவமனையில் சீட்டு வாங்கி, மருத்துவரைப் பார்த்து, மருந்து வாங்கி வெளியே வர எங்களுக்கு எப்போதும் மூன்று மணி நேரமாகிறது. அந்நேரத்தில் கார் சும்மாதானே நிற்கும்? எட்டாண்டுக்குப் பின் வரப்போகும் கால் மணி நேரக் காத்திருப்பைத் தவிர்க்க, இன்றே இரண்டு இலட்சம் கடன் வாங்குவதா?

சேமிப்பு எங்கிருந்து வருகிறது?

‘பெரிய பேட்டரி வாங்கினால் பெட்ரோல் செலவு மிச்சம், கடன் தானே அடைந்துவிடும்’ என்று பலர் எண்ணுகின்றனர். இது பெரும் மயக்கம். மாதம் 1,000 கிலோமீட்டர் ஓடுவதாகக் கொள்வோம். பெட்ரோல் கார் லிட்டருக்கு 15 கிலோமீட்டர் தந்தால் 67 லிட்டர். லிட்டர் 100 ரூபாய் என்றால் 6,700 ரூபாய். மின்சாரக் காருக்கு யூனிட்டுக்கு 7 கிலோமீட்டர் வீதம் 143 யூனிட். சார்ஜ் ஏற்றும்போது வீணாவதையும் சேர்த்து மீட்டரில் 160 யூனிட் ஓடும். யூனிட்டுக்கு 8 ரூபாய் என்று வைத்தாலும் 1,280 ரூபாய்தான். ஆக, மாதம் ஐயாயிரத்துக்கு மேல் மிச்சம்.

இந்த மிச்சம் ஓடிய தூரத்தினால் வருவது. 25 யூனிட் பேட்டரிக்கும் 45 யூனிட் பேட்டரிக்கும் இது ஏறத்தாழ ஒன்றே. பெரிய பேட்டரிக்குக் கூடுதலாகக் கொடுத்த பணம், ஒரு ரூபாயையும் கூடுதலாகச் சேமித்துத் தராது. மாறாக, 20 யூனிட் கூடுதலான பேட்டரி ஏறத்தாழ 140 கிலோ எடையையும் கூட்டுகிறது. இரண்டு பெரியவர்களை நாள்தோறும் வீணே ஏற்றிக்கொண்டு கடைவீதிக்குப் போய் வருவது போன்றதாகும் இது. பாதி நிரம்பிய சூளையின் கதைதான்!

சென்னைப் பயணத்தையும் இதே தராசில் நிறுத்தினோம். ஆண்டுக்கு இரண்டு வீதம் எட்டாண்டில் 16 பயணங்கள். இரண்டு இலட்சத்தைப் பதினாறால் வகுத்தால் பயணத்துக்கு 12,500 ரூபாய்! விருத்தாசலமோ பெரிய இரயில்வே சந்திப்பு. வைகையும் பல்லவனும் நின்று செல்லும் ஊர். இரயிலில் போகலாம். காரில்தான் போக வேண்டும் என்றாலும், விழுப்புரம், திண்டிவனம் நெடுஞ்சாலையில் உள்ள விரைவு நிலையம் ஒன்றில் நிறுத்தி, தொழுது, தேநீர் அருந்தி வரும் நேரத்தில் போதிய சார்ஜ் ஏறிவிடும். அங்கு யூனிட் விலை வீட்டைவிட இரு மடங்குக்கு மேல் இருக்கும் என்பது உண்மை. ஆண்டுக்கு இரண்டு முறை அதைத் தாங்கிக்கொள்ளலாம்.

வீட்டு மின் இணைப்பைக் கவனியுங்கள்

கார் வாங்குமுன் மின் பணியாளரை அழைத்து வீட்டு வயரிங்கைக் காட்டுங்கள். சாதாரண 15 ஆம்பியர் பிளக்கில் மணிக்கு 3 யூனிட் அளவே ஏறும். 35 யூனிட் பேட்டரியை ஐந்தில் ஒரு பங்கிலிருந்து முழுமையாக நிரப்ப ஒன்பது பத்து மணி நேரம். ஓர் இரவு போதும். 45 யூனிட்டுக்கு 12 மணி நேரமாகும். பெரிய பேட்டரி வாங்குவோர் சுவரில் பொருத்தும் 7 கிலோவாட் சார்ஜரையும், அதற்கேற்ப மின்வாரியத்தில் கூடுதல் மின்பளுவுக்கான அனுமதியையும் சேர்த்தே கணக்கிட வேண்டும். எந்த அளவாயினும், காருக்குத் தனி வயரும் முறையான எர்த்தும் இன்றியமையாதவை. எக்ஸ்டென்ஷன் பெட்டியிலிருந்து வயர் இழுத்து இரவெல்லாம் சார்ஜ் ஏற்றுவது ஆபத்து.

மின் கட்டணத்திலும் ஒரு நுட்பம் உண்டு. தமிழகத்தில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். அதன்பின் பயன்பாடு கூடக்கூட யூனிட் விலையும் ஏறும். மொத்தம் 500 யூனிட்டைத் தாண்டினால் கீழ்ப்படியில் உள்ள யூனிட்களுக்கும் கூடுதல் விலை விழும். காருக்கு மட்டும் இரண்டு மாதத்தில் 320 யூனிட் என்பதால், பல வீடுகள் இந்த எல்லையைத் தாண்டிவிடும். யூனிட் 8 ரூபாய் என்று நான் சற்றுக் கடுமையாகக் கணக்கிட்டதற்கு இதுவே காரணம்.

வெயிலும் புயலும்

நம் பகுதியின் கோடை வெயில் பேட்டரிக்குப் பகை. அமெரிக்காவின் அரிசோனா பாலைவனப் பகுதியில், காற்றால் மட்டுமே குளிரும் பேட்டரியைக் கொண்ட முதல் தலைமுறை லீஃப் கார்கள் இரண்டொரு ஆண்டுகளிலேயே கொள்ளளவை இழந்ததாக 2012இல் உரிமையாளர்கள் முறையிட்டனர். எனவே, திரவக் குளிர்விப்பு அமைப்பு இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். பெரிய பேட்டரியைவிட இதுவே நீண்ட ஆயுளைத் தரும். காரை நிழலில் நிறுத்துங்கள். வெயிலில் ஓடி வந்த சூட்டோடு சார்ஜ் போடாமல், இரவின் குளிர்ச்சியில் போடுங்கள்.

பேட்டரியின் இரசாயனத்தையும் கேளுங்கள். லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகை வெப்பத்தைச் சற்று நன்றாகத் தாங்கும். முழுமையாக நிரப்பினாலும் அதற்குப் பெரிய பாதகமில்லை. நிக்கல், மாங்கனீஸ், கோபால்ட் கலந்த வகை எடை குறைந்தது. ஆனால் அதை அன்றாடம் 80 விழுக்காட்டோடு நிறுத்துவது நல்லது. அவ்வாறெனில், அன்றாடம் உங்களுக்குக் கிடைக்கும் தூரமும் அந்த அளவுக்குக் குறையும் அல்லவா?

கடலூர் மாவட்டத்தார்க்குப் புயலைச் சொல்லித் தர வேண்டியதில்லை. 2011 டிசம்பர் 30இல் ‘தானே’ புயல் கரை கடந்தபின் நாள்கணக்கில் மின்சாரமின்றித் தவித்தோம். புயல் எச்சரிக்கை வந்தவுடனே காரை முழுமையாகச் சார்ஜ் ஏற்றி வைப்பது, தண்ணீர்த் தொட்டியை நிரப்பி வைப்பது போன்ற கடமையாகும். எவ்வளவு பெரிய பேட்டரியும் காலியாக இருந்தால் அவசரத்திற்கு உதவாது.

யாருக்கு எது?

எல்லாருக்கும் நடுத்தர அளவே ஏற்றது என்று நான் சொல்ல வரவில்லை. வாரந்தோறும் வியாபாரத்திற்காகச் சென்னைக்கோ திருச்சிக்கோ காரிலேயே போய் வருபவருக்குப் பெரிய பேட்டரி தேவைதான். வீட்டில் சார்ஜ் ஏற்ற இடமின்றி, அடுக்குமாடியில் குடியிருந்துகொண்டு பொது நிலையத்தையே நம்பி இருப்பவருக்கும் அதுவே நல்லது. அடிக்கடி போய் வரிசையில் நிற்க வேண்டியதில்லை. வீட்டில் வேறொரு கார் இருந்து, இதை ஊருக்குள் மட்டும் ஓட்டுபவருக்குச் சிறியதே போதும். உங்கள் வீட்டில் மாதந்தோறும் தவறாமல் நிகழும் மிக நீண்ட பயணம் எது? அதன் நடுவிலோ முடிவிலோ சார்ஜ் ஏற்ற இடமும் நேரமும் உண்டா? இவ்விரு கேள்விகளுக்கும் விடை எழுதிக்கொண்டு விற்பனைக் கூடத்திற்குப் போங்கள். ஆண்டுக்கொரு முறை வரும் பயணத்தைக் கொண்டு அளவைத் தீர்மானிக்காதீர்கள்.

அன்றிரவு கணக்கு முடிந்தபோது மணி பதினொன்று. அதுவரை பேசாமல் இருந்த மச்சானின் தாயார், “ஆஸ்பத்திரியில் மூன்று மணி நேரம் உட்காருகிறேன். வழியில் கால் மணி நேரம் உட்கார மாட்டேனா? எனக்காகக் கார் வாங்குகிறேன் என்று சொல்லி வட்டிக்குக் கையெழுத்துப் போடாதே மகனே” என்றார்.

மச்சான் சற்று நேரம் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் 35 யூனிட் காருக்கு முன்பணம் கட்டினார், கையிருப்பிலிருந்து.

சென்ற மாதம் புதுச்சேரிக்கு நானும் உடன் சென்றேன். காலையில் நூறு விழுக்காட்டுடன் புறப்பட்டோம். மாலையில் வீட்டு வாசலில் வந்து நின்றபோது மீதி 27 விழுக்காடு. தாயார் பின்னிருக்கையில் நன்றாக உறங்கிக்கொண்டிருந்தார். அவர்மீது கடனுமில்லை, வழியில் நின்றுவிடுவோமோ என்ற கவலையும் எங்களுக்கு இருக்கவில்லை. அல்ஹம்துலில்லாஹ்!